பதினோரு நகலும் ஒரு டெனிஸும்

1

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அண்ணன் போன் பண்ணினார். எப்போதும் மழை பெய்ததா, முந்திரி பூத்ததா என்று சுற்றி வளைத்து ஆரம்பிப்பவர், அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "ஏ சுமதி, ஒங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரே ஆபீசாமே, அது நல்லதா கெட்டதா? சட்டுனு சொல்லு, இங்க எல்லாரும் இருக்காங்க" என்றார். பின்னால் டீக்கடைச் சத்தம் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் நான் வாயைக் கட்டிக்கொண்டேன். ஸ்பீக்கரில் பேசி எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு நிச்சயதார்த்தம் நின்று போயிருக்கிறது.

விஷயம் இதுதான். செந்துறைக்கும் அரியலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. நிஜமோ புரளியோ, ஊர் இரண்டாகிவிட்டது. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்கிறது ஒரு கட்சி. தெருவுக்குத் தெரு லைட்டு வரும், குப்பை வண்டி வரும் என்கிறது இன்னொரு கட்சி. அண்ணன் வார்டு மெம்பர். சேர்ந்துவிட்டால் அவர் பதவி காலி. அதனால் அவர் எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நியாயஸ்தன் என்று பேர் எடுக்க வேண்டுமே, அதற்காக வெளிநாட்டில் இருக்கிற தங்கச்சி தலையில் கட்டிவிட்டார். வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி போதாதாம், நீளமாக எழுத வேண்டுமாம், கூட்டம் போட்டுப் படித்துக் காட்டுவாராம்.

சரி, எழுதுகிறேன். ஆனால் அண்ணே, நடுவில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படிக்க வேண்டும். எனக்கு இதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்குத் தெரியாது.

2

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. இருக்கிற டவுன் பேரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. பக்கத்து மாவட்டத்து வெள்ளைக்காரனுக்கே தெரியாது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வீட்டுக்காரர் செல்வம், வேப்பந்தட்டைப் பக்கத்துக்காரர், இங்கே பிஸ்கட் கம்பெனிக் குடோனில் வேலை. என் வேலைக்கு விசா கிடைத்து, என் பின்னால் வந்தவர் அவர். அதை நான் சொல்லிக்காட்டுவதில்லை, இன்றைக்கு எழுத்தில் வந்துவிட்டது.

வந்த புதிதில் இங்கே இரண்டு அடுக்கு. கீழே டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், மேலே கவுண்டி கவுன்சில். நம் ஊர்க் கணக்கில் ஒன்றியம், மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பை அள்ளுவது கீழே. குப்பையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மேலே. ரோடு மேலே. ரோட்டோரத்துக் கார் பார்க் கீழே. நீச்சல் குளம் கீழே, பள்ளிக்கூடம் மேலே. இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

முதல் வருஷம் எங்கள் குப்பைத் தொட்டி வாசலில் இருந்த பள்ளத்தில் விழுந்து சக்கரம் உடைந்தது. டிஸ்ட்ரிக்டுக்குப் போன் பண்ணினால், தொட்டி எங்களுடையதுதான், ஆனால் பள்ளம் உடைத்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். கவுண்டிக்குப் போன் பண்ணினால், பள்ளம் எங்களுடையதுதான், ஆனால் தொட்டியை அதில் விழச் சொன்னது யார் என்கிற மாதிரி, ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. செல்வத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. வந்து எட்டு மாதமாக, குளிர், சோறு, பாஷை ஒன்றும் பிடிபடாமல் உம்மென்று இருந்த மனுஷன், "அட, நம்ம ஊரு மாதிரியேல்ல இருக்கு" என்று முதல் தடவையாகச் சிரித்தார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று தெரிய வேண்டுமானால், அவர் ஊரில் என்ன தொழில் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

3

பெரம்பலூரில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். டைப்பிங்கும் உண்டு. திங்கட்கிழமை மனு நாளில் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. ஆனால் அவர் பேர் வாங்கியது டைப்பிங்கில் இல்லை, நகலில். மனுவின் அடியில் 'நகல்' என்று போட்டு வரிசையாக அதிகாரிகள் பேரை அடுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

என் அப்பா சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி ஊர் ஊராக விற்பவர். எங்கள் ஊர் ரோடு அய்யனார் கோயில் வரைக்கும் பஞ்சாயத்து ரோடு. ஏரிக்கரையிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஒன்றியத்து ரோடு. நடுவில் முந்நூறு அடி யாருடையதும் இல்லை. மழை பெய்தால் அந்த முந்நூறு அடியில் சைக்கிள் சாயும், குண்டானும் தவலையும் ஏரிப் பக்கம் உருளும், அப்பா அவற்றின் பின்னால் ஓடுவார். பள்ளிக்கூடம் போகிற நாங்கள் சிரிப்போம். வீட்டுக்கு வந்து அடி வாங்குவோம்.

அப்பா மனு கொடுத்தார். மேலே கொடுத்தது படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் எங்கள் ஊராட்சி எழுத்தர் கையிலேயே வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து, டீ குடித்துவிட்டு, "அண்ணே, எம்மேல நீங்க குடுத்த மனுவ விசாரிக்க என்னையே அனுப்பியிருக்காங்க. என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டார். அப்பாவுக்கு வீட்டுக்கு வந்தவரிடம் கடுமையாகப் பேசத் தெரியாது. நீங்களே பார்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். மனுதாரர் திருப்தியடைந்தார் என்று எழுதி அவரே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

இதற்குள் மாவட்டமே ஆட்டம் காண ஆரம்பித்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருச்சி மாவட்டம். அப்புறம் பெரம்பலூர் மாவட்டம். அப்புறம் அரியலூர் தனி மாவட்டம் என்றார்கள், அப்பாவின் ஃபைல் அரியலூருக்கு வந்தது. அதற்கு ஒரு மேசை கிடைப்பதற்குள் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள், ஃபைல் திரும்பிப் போனது. நாங்கள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எல்லைதான் எங்களைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தது.

ஃபைலைத் தேடிக்கொண்டு அப்பா செந்துறை பஸ் பிடித்து, அரியலூரில் மாறி, சிமெண்டு லாரிப் புழுதியைத் தின்றுகொண்டே பெரம்பலூர் போனார். புது மனு டைப் அடிக்க செல்வத்தின் கடைக்குள் நுழைந்தார். நகல் யார் யாருக்கு என்று செல்வம் கேட்டிருக்கிறார். நகல் எதற்கு என்று அப்பா கேட்டிருக்கிறார். அதற்குச் செல்வம் சொன்ன பதிலை அப்பா சாகிற வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒத்த ஆளுக்குக் குடுத்தா அவரு இன்னொருத்தருக்குத் தள்ளிவுடுவாருங்க. எல்லாருக்கும் குடுத்துட்டோம்னா எங்க தள்ளுவாரு? அங்கயும் நம்ம மனுதான ஒக்காந்திருக்கும்."

அந்த மனுவுக்குப் பத்தொன்பது நகல். ஏரிக்கரை பக்கத்தில் இருப்பதால் பொதுப்பணித்துறைக்கு ஒன்று, பிள்ளைகள் நடப்பதால் கல்வி அதிகாரிக்கு ஒன்று, சேற்றில் கொசு வருவதால் சுகாதாரத்துக்கு ஒன்று. பக்கத்து ஆபீஸ் பதில் எழுதுவதற்கு முன்னால் நாம் எழுதிவிட வேண்டும் என்ற பயத்தில் ஒரே வாரத்தில் மூன்று ஆபீசிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அந்த முந்நூறு அடியை அளந்தார்கள். மூன்று பேருக்கும் மூன்று அளவு வந்தது. ஆனால் ரோடு வந்துவிட்டது.

தன் மனுவில் போட்ட ரோடு எப்படி இருக்கிறது என்று பார்க்க டி.வி.எஸ். வண்டியில் செல்வம் வந்தார். ரோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். என்னையும் பார்த்துவிட்டார். கல்யாணத்தன்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாவட்டம். சில வருஷத்தில் மறுபடியும் பிரித்தபோது அவர் பெரம்பலூர், நான் அரியலூர். நாங்கள் மட்டும் பிரியவில்லை. யாரிடம் மனு கொடுப்பது என்று தெரியாததும் ஒரு காரணம்.

4

இப்போது எங்கள் மகள் இனியா. பதினான்கு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மிஷின் வைத்திருக்கிறாள், முகத்துக்கு நேராக நிதானமாகப் பேசினால் புரிந்துகொள்வாள், இங்கிலீஷில் பதில் சொல்வாள். தமிழ் உதடு அவளுக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் கைச்சைகையில் பேசுகிறார்கள். நாங்களும் கற்றுக்கொள்ளப் போனோம். 'சாப்பிடு', 'தூங்கு', 'போதும்', 'குளிருது ஸ்வெட்டர் போடு' வரைக்கும் வந்து நின்றுவிட்டோம். ஷிப்டு வேலை, அலுப்பு என்று எங்களுக்குச் சாக்குப் போக்கு நிறைய உண்டு. மனசாட்சிப்படி சொன்னால், அவள்தான் எங்களைப் புரிந்துகொள்கிறாளே என்று இருந்துவிட்டோம்.

காது கேளாத பிள்ளைகளுக்கென்று தனி ஆசிரியர்கள் இருக்கிற பள்ளிக்கூடம் ஒன்பது மைல் தள்ளி. கவுண்டி கவுன்சில் தினமும் டாக்ஸி அனுப்பியது. பீட்டர் என்று வயதான டிரைவர், காலையில் டாண் என்று வாசலில் நிற்பார். ஏழு மணிக்கு நான் வார்டில் இருக்க வேண்டும், ஆறு மணிக்குச் செல்வம் குடோனில் இருக்க வேண்டும். எங்கள் குடும்பமே பீட்டரின் நான்கு சக்கரத்தில்தான் ஓடியது. செல்வத்துக்கு லைசென்ஸ் கிடையாது. நான்கு தடவை டெஸ்டு போனார். ரவுண்டானாவில் வருகிற வண்டிக்கெல்லாம் வழிவிட்டு நிற்கிறார், உள்ளே நுழைய மாட்டேன் என்கிறார் என்று நான்கு தடவையும் ஒரே குறைதான் எழுதினார்கள்.

இந்த நேரத்தில்தான் இங்கே ஒரே அடுக்கு வந்தது. டிஸ்ட்ரிக்டுகளையும் கவுண்டியையும் கலைத்துவிட்டு ஒரே கவுன்சில். செலவு குறையும், மக்கள் ஒரே வாசலில் எல்லாவற்றையும் கேட்கலாம் என்று வழவழத் தாளில் புத்தகம் போட்டு வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். ஒரே அடுக்கு என்று சொன்னாலும் அதற்குக் கீழே எங்கள் டவுன் கவுன்சில் என்று ஒன்று அப்படியே இருக்கிறது. அதற்குப் பார்க் பெஞ்சும் மணிக்கூண்டும் கிறிஸ்துமஸ் சரவிளக்கும் மட்டும் சொந்தம். மணிக்கூண்டு எப்போதும் பத்து நிமிஷம் தாமதம். அதை யாரும் கேட்பதில்லை, பாவம், அவர்களுக்கு இருப்பதே அது ஒன்றுதான்.

ஆகஸ்டு மாதம், பள்ளிக்கூட லீவில், ஒரு கடிதம் வந்தது. கவுண்டியின் பட்டியல்களைப் புதிய கவுன்சிலுக்கு மாற்றுகையில் உங்கள் மகளின் பயண ஏற்பாடு காணப்படவில்லை, ஆகவே செப்டம்பர் முதல் டாக்ஸி வராது, வருந்துகிறோம் என்று நான்கு வரி. டாக்ஸி இல்லையென்றால், நான் வேலையை விட வேண்டும், இல்லை இனியாவைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போட வேண்டும். அங்கே அவளுக்கென்று ஒரு ஆசிரியர்கூடக் கிடையாது. ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பாள். பஸ் இருக்கத்தான் இருக்கிறது. காது கேளாத பெண் பிள்ளையைத் தனியாகப் பஸ்ஸில் ஏற்றிவிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? அந்தப் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை.

நான் அழுதேன். செல்வம் அழவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஷட்டர் இறக்கிய கடையை அன்றைக்கு மறுபடியும் திறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "சுமதி, பயப்படாத. இவனுவ ஒருத்தனும் தப்பிக்க முடியாது" என்றார்.

பதினோரு நகல் போட்டார். பள்ளிப் போக்குவரத்து, கல்வி, குழந்தைகள் நலம், மாற்றுத்திறனாளிகள் பிரிவு, கவுன்சில் தலைவர், தலைமை நிர்வாகி, புகார்ப் பிரிவு இதெல்லாம் நியாயம். டாக்ஸி ரோட்டில்தானே போகிறது என்று ரோட்டுத் துறைக்கு ஒன்று. லைசென்ஸ் பிரிவுக்கு ஒன்று. டாக்ஸி நின்றால் நாங்கள் கார் வாங்கிப் புகை விட வேண்டியிருக்கும் என்று சுற்றுச்சூழலுக்கு ஒன்று. நூலகத்துக்கும் ஒன்று. அது எதற்கு என்று கேட்டேன், எண்ணிக்கைக்கு என்றார். ராஜாவுக்கும் ஒன்று தட்டிவிடட்டுமா என்று கேட்டார். நான் முறைத்ததில் விட்டுவிட்டார்.

மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அன்றைக்கு எனக்கும் தைரியமாகத்தான் இருந்தது. அப்பாவின் ரோடு கண் முன்னால் வந்தது.

5

ஐந்து நாள் கழித்து, ஒரே மத்தியானத்தில், பதினோரு பதில் வந்தது. பதினொன்றும் ஒரே மாதிரி. உங்கள் புகார் ஏற்கெனவே வேறு எண்ணில் விசாரணையில் இருப்பதால் இந்த எண் முடித்துவைக்கப்படுகிறது. செல்வம் பேப்பரை எடுத்து எண்களை வரிசையாக எழுதினார். முதல் எண் இரண்டாவதைக் கை காட்டியது. இரண்டாவது மூன்றாவதை. இப்படியே போய்ப் பதினோராவது முதல் எண்ணைக் கை காட்டியது. முதல் எண்தான் முடிந்துவிட்டதே. ஆக, எங்கள் பேரில் ஒரு புகாரும் நிலுவையில் இல்லை. மனுதாரர் திருப்தியடைந்தார்.

போன் பண்ணினோம். முக்கால் மணி நேரம் பியானோ வாசித்தார்கள். பிறகு ஒரு பையன் வந்து, உங்களுக்குப் பிரச்சினை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லையே என்று சந்தோஷமாகச் சொன்னான். நேரில் யாரையாவது பார்க்க முடியுமா என்று நான் கெஞ்சியதில், நூலகத்துக்குள் கவுன்சில் மேசை ஒன்று இருக்கிறது, புதன்கிழமை டெனிஸ் வருவார் என்றான்.

டெனிஸ் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். கம்பளிச் சட்டை, கழுத்தில் கயிறு போட்ட கண்ணாடி, பக்கத்தில் ஆறிப்போன டீ. செல்வம் தன் பேரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வாரமாக நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். பதினொன்றும் அவரிடம்தான் வந்திருக்கிறது.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். எந்த விலாசத்துக்கு அனுப்பினாலும் எல்லாம் ஒரே பெட்டியில் விழும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற விஷயம் என்றால் அந்தப் பெட்டியிலிருந்து தன் மேசைக்கு வரும். முன்பு கவுண்டியில் அந்த வேலைக்கு மூன்று பேர் இருந்தார்கள், இப்போது தான் ஒருத்திதான். டிஸ்ட்ரிக்ட் பார்த்துவந்த டாக்ஸி லைசென்சும் இப்போது தன்னிடம்தான். ஒரே சங்கதி பதினோரு தடவை வந்ததும் கம்ப்யூட்டரே ஒன்றோடொன்று கோத்து முடித்துவிட்டது, தான் திறந்து பார்ப்பதற்குள் ஒன்றுமே மிச்சமில்லை. ஒன்றே ஒன்று அனுப்பியிருந்தால் மறுநாளே பார்த்திருப்பேன் என்றார்.

செல்வத்தின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பத்தொன்பது நகலில் ரோடு போட்ட மனுஷன். கடைசி முயற்சியாக, "சரிங்க மேடம், ஒங்களுக்கு மேல யாரு?" என்று இங்கிலீஷில் கேட்டார். 'ங்க' மட்டும் தமிழில் வந்துவிட்டது. டெனிஸ் கோபப்படவில்லை. மேலே டைரக்டர் இருக்கிறார், அவருக்கு எழுதினாலும் என் மேசைக்குத்தான் வரும் என்றார். அதற்கும் மேலே வெளியில் ஒரு குறைகேட்பு அதிகாரி உண்டாம். அவரும் முதலில் கவுன்சிலில் கேட்டாயிற்றா என்று கேட்பாராம். செல்வம் என் பக்கம் திரும்பி, "பாவம் சுமதி இந்தம்மா, தள்ளிவுட ஒரு ஆளுகூட இல்ல" என்றார். ஒரு அதிகாரிக்காக அவர் பரிதாபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரே ஆபீஸ் என்றால் அலைச்சல் மிச்சம். பள்ளத்துக்கு ஒரு ஆபீஸ் தொட்டிக்கு ஒரு ஆபீஸ் என்று நாய் படாத பாடு பட வேண்டாம். டாக்ஸிக்கு லைசென்ஸ் தருபவரும் பிள்ளையை அதில் ஏற்றிவிடுபவரும் ஒரே ஆளாக இருந்தால், மூன்று வாரக் கடிதப் போக்குவரத்து நாற்காலியைத் திருப்புகிற நேரத்தில் முடிகிறது. ஆனால் ஒருத்தருக்கொருத்தர் பயந்து வேலை செய்வது நின்றுவிடும். அந்த ஒரே ஆபீஸ் தப்புப் பண்ணினால் அந்த ஆபீசைத்தான் போய்க் கேட்க வேண்டும். நம் ஒன்றியத்தையும் ஊராட்சியையும் மோதவிட்டுக் காரியம் சாதிக்கிற வித்தை அங்கே எடுபடாது. அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சிக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான், அவர்களைக் கேட்டிருந்தால் போன் செலவு மிச்சமாகியிருக்கும். ஆகவே சேர்வதானால், உங்கள் வார்டுக்கு யார் வருகிறார் என்று பாருங்கள். அந்த மேசையில் யார் உட்காருகிறார் என்று பாருங்கள். அது நீங்களாகவே இருந்தாலும் சரி, வீட்டுக்கு மனுவை எடுத்துவந்து கையெழுத்து வாங்காதீர்கள்.

டெனிஸ் ஒரே ஒரு படிவம் கொடுத்தார். இரண்டு பக்கம் பெற்றோருக்கு. மூன்றாவது பக்கம் பிள்ளைக்கு. இனியா என்ன சொல்கிறாள் என்று கேட்டார். டாக்ஸி வேண்டும் என்கிறாள் என்று நானும் செல்வமும் ஒரே நேரத்தில் சொன்னோம். கேட்டீர்களா என்றார். எங்கள் பிள்ளையை நாங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன? அதை அப்படியே சொல்லாமல், கேட்டோம் என்று தலையாட்டி வைத்தேன். மூன்றாவது பக்கத்தை அவளே தனியாக எழுதி உறையில் ஒட்டித் தர வேண்டும், நாங்கள் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

இனியா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் எழுதினாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரமா என்று செல்வம் பெருமைப்பட்டார். அப்பன் கை வந்திருக்கிறது என்றார்.

6

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருக்கும்போது பதில் வந்தது. டாக்ஸி மறுபடியும் உண்டு, பீட்டரே வருவார். நான் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். செல்வம் அதற்குள் அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். அதில் டெனிஸ் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். உங்கள் மகள் வேறு ஒன்று கேட்டிருக்கிறாள், அவள் சம்மதத்தோடு அவள் பக்கத்தை இணைத்திருக்கிறேன், இரண்டில் எது என்று மூன்று பேருமாகப் பேசி முடிவு சொல்லுங்கள்.

இனியா எழுதியது இவ்வளவுதான். தமிழில் சொல்கிறேன்.

'எனக்கு டாக்ஸி வேண்டாம். என் வகுப்பில் நான்கு பேர் பஸ்ஸில் வருகிறார்கள். பஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்தால் கையால் பேசிக்கொண்டே வரலாம். டாக்ஸியில் எனக்குத் தெரிவது பீட்டரின் பின்மண்டை மட்டும்தான். ஆறு வருஷமாக அதைப் பார்க்கிறேன். அவர் நல்லவர். அம்மாவும் அப்பாவும் எனக்காகப் பதினோரு பேருக்கு எழுதினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அம்மா பயப்படுவார். ஆபீசிலிருந்து எழுதினால் அம்மா நம்புவார், அதனால் நீங்களே எழுதிவிடுங்கள்.'

செல்வம் அதை இரண்டு தடவை படித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு மழுப்ப விரும்பவில்லை, வெட்கம்தான். ஆறு வருஷம் ஒரு பின்மண்டை. அந்தப் பிள்ளைக்கு முகம்தானே காது. இது ஒரு நர்ஸுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

அவளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, ஸ்டாப் தவறிவிட்டால் என்ன செய்வாய், யாராவது வம்பு பண்ணினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். டெனிஸ் ஒரு ஆளை அனுப்பி இரண்டு நாள் கூடவே பஸ்ஸில் போய்ப் பழக்கப் போகிறார் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை நான் லீவு சொல்லிவிட்டேன். செல்வமும் சொல்லிவிட்டார், என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஸ்டாப்பில் நின்றோம். எங்களை இருபதடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள். பஸ் வந்தது. டெனிஸ் அனுப்பிய ஆளோடு ஏறினாள். உள்ளே பின்பக்கம் எதிரெதிர் சீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்கள். இவள் பையைக்கூடக் கழற்றவில்லை, நின்ற வாக்கிலேயே ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கையும் போதாமல், புருவம், தோள், கன்னம் எல்லாம் பேசியது. நடுவில் எங்கள் பக்கம் கை காட்டி ஏதோ சொன்னாள், அந்த இரண்டு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டில் 'யெஸ்', 'நோ', 'ஓகே' என்று மூன்று வார்த்தையில் நாளைக் கழிக்கிற பிள்ளை.

"என்ன சொல்லிச் சிரிக்கிறா?" என்று செல்வம் கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். "பதினாலு வருசமா நம்ம வூட்ல இருக்கா. இவ இவ்வளவு வாயாடின்னு நமக்கு இன்னைக்குத்தானே தெரியுது."

பஸ் கிளம்பியது. அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, பேசி முடியவில்லை அவளுக்கு.